பத்திரத்தில் எழுதாத தண்ணீர்

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ராம்சார் எல்லையும் (சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் பட்டியலிடப்பட்ட பரப்பின் எல்லை) அதன் தாக்கப் பகுதியும் அளந்து முடிக்கப்படும்வரை, அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடித் திட்டம் செய்தியானது. அதற்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் அனுமதி இருந்தது. சுற்றுச்சூழல் அனுமதியும் இருந்தது. அந்த இடம் ராம்சார் பரப்புக்குள்ளேயே வருகிறது என்றது ஒரு தரப்பு. அது பட்டா நிலம், ராம்சார் எல்லை இன்னும் களத்தில் அளந்து முடிக்கப்படவில்லை என்றது அரசுத் தரப்பு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபர் கடைசியில் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விழுந்தது.

வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். வீடு வாங்கப் போகிறவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டா இருந்தது, திட்ட அனுமதி இருந்தது, சுற்றுச்சூழல் ஒப்புதல் இருந்தது. அத்தனையும் இருந்தும், அந்த மண் சதுப்பின் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு மட்டும் உறுதியான பதில் இல்லை.

நம்மிடையே 'டாக்குமென்ட் எல்லாம் கிளியர்' என்று வக்கீல் சொல்லிவிட்டால் பாதி கிரகப்பிரவேசம் முடிந்த மாதிரி. ஆனால், ஒவ்வோர் ஆவணமும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று வில்லங்கச் சான்று சொல்லும். வருவாய்த் துறைக் கணக்கில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பட்டா சொல்லும். எத்தனை மாடி, எவ்வளவு காலியிடம் என்று திட்ட அனுமதி சொல்லும். கார்த்திகை மழையில் கீழ்த்தளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று சொல்ல எந்த அலுவலகமும் கடமைப்பட்டிருக்கவில்லை. தென்சென்னைப் புறநகரில் ஒரு வீட்டின் மதிப்பைக் கடைசியில் முடிவு செய்வது இந்தப் பதில் இல்லாத கேள்விதான் என்பது என் கணிப்பு.

பெரும்பாக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலை ஊரின் முதுகெலும்பு. மேற்குப் பக்கம் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம் எனச் சற்றே உயரமான ஊர்கள். கிழக்கே ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை; அதையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் தாண்டினால் கடல். வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. மேற்கிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் இந்தச் சதுப்பில் வந்து சேர்கின்றன. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழைக்கு இதுதான் வடிகால். சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் தண்ணீர் போக வேண்டும். இவ்வளவு பெரிய நிலப்பரப்பின் வெள்ளம் ஒரு மடுவின் வாயில் வரிசையில் நிற்கிறது. கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் வரிசை நகராது. அப்படி நகராத நாள்களில் தண்ணீர் காத்திருப்பதற்கு இயற்கை ஒதுக்கிவைத்த இடம் சதுப்பும் அதைச் சுற்றியுள்ள தாழ்வான நிலமும். பெரும்பாக்கம் அந்தத் தாழ்வான நிலத்தில் இருக்கிறது.

ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பு, இன்று அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. பெருங்குடிக் குப்பைமேடு ஒரு பக்கம் தின்றது. சாலைகளும் ஐடி வளாகங்களும் இன்னொரு பக்கம். அரசு நிறுவனங்களும் விலக்கல்ல: தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாலை ஆய்வு நிறுவனமும் பள்ளிக்கரணையில்தான் இருக்கின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் பெரும்பாக்கத்திலேயே இருக்கிறது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு அது விரிவடைந்தது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு ராம்சார் தலமாகப் பட்டியலில் ஏறியது. இந்தப் பரப்பு முழுவதும் வனத்துறையின் கையில் இல்லை என்பதில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள பகுதியில் பட்டா நிலங்களும் உண்டு. 'சார், இது பட்டா லேண்ட்' என்று புரோக்கர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அதே நிலம் ராம்சார் கோட்டுக்குள்ளும் இருக்கலாம்.

ஆகவே, பெரும்பாக்கத்தில் ஆவணம் பார்ப்பதென்றால் வழக்கமான முப்பது ஆண்டு வில்லங்கத்தோடு நிறுத்தக் கூடாது. பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். அதைவிட முக்கியம் அ-பதிவேடு. புல எண் வாரியாக நன்செய், புன்செய், புறம்போக்கு என்று நிலத்தின் வகையைச் சொல்கிற ஏடு அது. புறம்போக்கு என்றால் அது ஏரியா, வாய்க்காலா, மேய்க்காலா, கழுவெளியா என்பதும் அதில் இருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பை வருவாய்க் கணக்குகள் கழுவெளி என்றே குறித்தன. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது வக்கீல்கள் 'யூடிஆர்' என்று சொல்லும் அந்தத் திருத்தத்தில், தமிழ்நாடு முழுவதும் பல புல எண்களின் வகையும் பெயரும் மாறின. தவறாக மாறியவையும் ஏராளம். எனவே யூடிஆருக்குப் பிந்தைய பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் 'வாய்க்கால்' என்றும் பின்னதில் 'புன்செய்' என்றும் இருந்தால், அந்த இடத்தில் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

புலப்பட வரைபடத்தையும் வாங்குங்கள். சாதாரணமாக இதைப் பார்ப்பது எல்லை அளவுக்காக. நீங்கள் பார்க்க வேண்டியது வாங்கப் போகும் மனைக்கு அப்பால் உள்ள எண்களை. மேற்கிலிருந்து வரும் ஓடை எங்கே புகுந்து எங்கே வெளியேறுகிறது, அது இன்று தரையில் இருக்கிறதா, அல்லது யாருடைய கார் நிறுத்தத்துக்கு அடியிலாவது போய்விட்டதா? வரைபடத்தில் இருக்கிற வாய்க்கால் தரையில் காணாமல் போயிருந்தால், மழை பெய்யும்போது அது மறுபடி தன் வழியைத் தேடும். அந்த வழி உங்கள் பக்கத்து மனையாக இருந்தாலும் உங்களுக்கு ஆபத்துதான்.

காகிதத்தை விட்டுத் தெருவுக்கு வருவோம். அதிக விஷயம் கிடைப்பது இங்கேதான்.

தென்புறநகரில் இரண்டு பெரிய பரீட்சைகள் நடந்திருக்கின்றன. ஒன்று 2015 டிசம்பர் 1, 2: தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. இன்னொன்று 2023 டிசம்பர் 3, 4: மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மழை நின்ற பிறகும் நாள் கணக்கில் தண்ணீர் வடியவில்லை. படகும் டிராக்டரும் தேவைப்பட்டன. ஒரு கட்டடம் இரண்டு தேர்விலும் என்ன மதிப்பெண் எடுத்தது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். விற்பவர் பெரும்பாலும் 2015-ஐப் பற்றி மட்டும் பேசுவார். 'அந்த வெள்ளத்திலேயே இங்க சொட்டுத் தண்ணி வரல' என்பது பிரபலமான வாக்கியம். அது உண்மையாகவே இருந்தாலும் இன்றைக்குப் பயன்படாது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் சுற்றியிருந்த காலி மனைகளில் கிராவல் அடித்து மேடாக்கியிருப்பார்கள். ஒவ்வொரு மனையும் மேடாகும்போது அதில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தாழ்வைத் தேடுகிறது. 2015-இல் மேடாக இருந்த வீடு 2023-இல் பள்ளமானதற்கு அந்த வீடு ஒரு அங்குலம்கூட இறங்கியிருக்க வேண்டியதில்லை. எதிரே இன்னும் காலி மனைகள் இருக்கின்றனவா, அவை நிரவப்பட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய உலர்ந்த தரை நாளைக்கும் உலர்ந்ததாக இருக்குமா என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

தெரு மட்டத்தைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலைகள் வீட்டு வாசற்படிகளைவிட உயர்ந்துவிட்டன. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது என்றால், பழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்று புரியும். கேட்டைத் திறந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிற வீட்டில் மழைக்காலத்தில் சாலையின் தண்ணீரும் உங்களோடு இறங்கும்.

அடுக்குமாடி என்றால் கீழே கார் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் செலவிடுங்கள்; மேலே போய் மாடுலர் கிச்சன் பார்ப்பதற்கு அவசரமில்லை. சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள், கறை தெரியாது. மின்மீட்டர் பலகையின் பின்புறத்துக்கும் பைப் கிளாம்ப்களின் துருவுக்கும் ஷட்டரின் அடிவிளிம்புக்கும் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. மீட்டர் பலகையே தலைக்கு மேல் உயரத்தில் புதிதாக மாற்றி மாட்டப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். ஜெனரேட்டர் தரையில் இருக்கிறதா, மேடை கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்களா? லிஃப்ட் பள்ளத்துக்குத் தனி மோட்டார் போட்டிருக்கிறார்களா? சம்ப்பின் மூடி தரை மட்டத்தில் இருந்தால், வெள்ளம் வரும் நாளில் குடிநீரோடு சாக்கடையும் கலக்கும். அதன் பிறகு மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும் தண்ணீர் இல்லை. வெளியே தெருவோர மின்வாரிய பில்லர் பாக்ஸின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். அது மூழ்கினால் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். தண்ணீர் வடியும்வரை தர மாட்டார்கள். மேல்மாடி வாங்கினால் வெள்ளம் தொடாது என்று நினைப்பவர்கள் நான்கு நாள் மின்சாரம், லிஃப்ட், தண்ணீர், கைப்பேசி சார்ஜ் எதுவும் இல்லாமல் வயதான பெற்றோரோடு எட்டாவது மாடியில் இருப்பதை ஒருமுறை கணக்கில் சேர்க்க வேண்டும்.

விசாரிப்பதற்கும் ஆள் பார்த்துத்தான் விசாரிக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர்கள் விலை விழுந்துவிடும் என்று வாய் திறக்க மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர், முனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர், பைக் மெக்கானிக், வாட்ச்மேன், இவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. 'தண்ணி வந்துச்சாண்ணா?' என்று கேட்டால் 'ஆமா, இல்ல' என்று முடிந்துவிடும். 'எத்தனையாவது படி வரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் நின்னுச்சு?' என்று கேட்டால் கையை இடுப்பிலோ முழங்காலிலோ வைத்துக் காட்டிவிடுவார்கள். ஆழத்தைவிட நாள்கணக்கு முக்கியம். அரை நாளில் வடிகிற இரண்டடி வேறு, ஐந்து நாள் நிற்கிற ஓரடி வேறு.

இதெல்லாம் மே மாதத்தில் தெரியாது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. மனை விற்பனையோ தை பிறந்து, சித்திரை, வைகாசியில் சூடு பிடிக்கிறது. காய்ந்த தரையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணியில் பால் காய்ச்சி, ஐப்பசியில் உண்மை தெரிந்துகொள்கிற வழக்கத்தை மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க அதே தெருவில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குவது முடிகிறவர்களுக்கு மிகச் சிறந்த வழி. கொடுக்கிற வாடகை, வீட்டு விலையோடு ஒப்பிட்டால் கொசுறு.

மழைக்காலத்தில் இவ்வளவு தண்ணீரைப் பார்க்கிற ஊரில் கோடையில் லாரி வருகிறது. 2019 ஜூனில் நகரின் ஏரிகள் வறண்டபோது ஓஎம்ஆர் முழுக்க லாரித் தண்ணீரில்தான் ஓடியது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டதில் தென்சென்னைக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. ஆனால், உங்கள் குடியிருப்புக்குக் குழாய் வந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. குடியிருப்போர் சங்கத்திடம் கடந்த ஏப்ரல், மே மாதங்களின் மெயின்டனன்ஸ் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லாரிக்கு எவ்வளவு போனது என்று அதில் இருக்கும். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு. சாக்கடை எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்: பாதாளச் சாக்கடையா, குடியிருப்பின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையமா, ராத்திரியில் வரும் செப்டிக் டேங்க் லாரியா?

இதற்கெல்லாம் யாரிடம் போய் நிற்பது என்பது பெரும்பாக்கத்தில் நேரான விஷயமில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோதும், 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும் பெரும்பாக்கம் இரண்டிலும் சேரவில்லை. கிராம ஊராட்சியாகவே நின்றது. காவல் மட்டும் 2022 முதல் தாம்பரம் மாநகர ஆணையரகம். மாவட்டம் செங்கல்பட்டு. கட்டட அனுமதி சிஎம்டிஏ. ஏரி நீர்வளத் துறைக்கு, சதுப்பு வனத்துறைக்கு, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. மழைநீர் ஒன்றுதான், அது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு துறையைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. ஊராட்சியில் வீட்டு வரி குறைவு என்பதை ஒரு சலுகையாகச் சொல்வார்கள். அந்தக் குறைந்த வரியில் எத்தனை பம்பு, எத்தனை வடிகால் வரும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கம்பக்கம் என்று வரும்போது பெரும்பாக்கத்தில் புரோக்கர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'நம்ம சைட் போர்டுக்கு ரொம்பத் தள்ளி இருக்கு சார்.' போர்டு என்பது இன்று தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படும் பழைய குடிசை மாற்று வாரியம் கட்டிய எட்டு அடுக்குக் குடியிருப்புகள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்களை இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். அருகிலேயே செம்மஞ்சேரியும் ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரும். இவ்வளவு மக்களை ஒரே இடத்தில் குவித்துவிட்டு, பள்ளியும் பேருந்தும் வேலையும் பிறகு வரும் என்று விட்டது அரசின் பிழை. அதன் பழியை அங்கே வசிப்பவர்கள் மேல் போடுவது வீட்டு விலைப் பேச்சில் ஊறிப்போன வழக்கம். நகரின் ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துவரப்பட்டவர்கள், 2023-இல் இங்கே மறுபடி தண்ணீருக்கு நடுவில் நின்றார்கள். அரசுக்கு அந்த நிலம் எளிதில் கிடைத்ததற்கும் உங்களுக்கு இந்த வீடு வேளச்சேரியைவிட மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் ஒன்றேதான்: தாழ்வான நிலம். வித்தியாசம், உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது, அவர்களுக்கு இருக்கவில்லை. உங்கள் குடியிருப்பின் வாட்ச்மேனும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரப் போகிறார்கள். போர்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளக்கும் நேரத்தில் மடுவிலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளப்பது உருப்படியான வேலை.

வரப்போகும் வசதிகளுக்கு விலை கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையான மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம், குளோபல் மருத்துவமனை, எல்காட் வழியாக வருகிறது. தூண்கள் எழுந்து நிற்பதால் இது வெறும் பேச்சில்லை. ஆனால் தென்சென்னைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். 2023 முடிந்தபோதும் அந்த ஐந்து கிலோமீட்டரில் ரயில் ஓடவில்லை. அந்த ரயிலை நம்பி ஆதம்பாக்கத்தில் வாங்கியவரின் வீட்டுக் கடனே கிட்டத்தட்ட அடைந்திருக்கும். மெட்ரோ வரட்டும், சந்தோஷம். அதற்கான விலையை இன்றைக்கே முழுசாக எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. இப்போதைக்குத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மேடவாக்கத்திலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கட்டடம் சார்ந்த சட்டப் பாதுகாப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தவை. புதுத் திட்டமென்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணைக் கேட்டு, அதன் தளத்தில் சரிபாருங்கள். விலையைக் கார்ப்பெட் பரப்பில் கேளுங்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமையில்லை. கட்டமைப்பில் குறை வந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டுநரே சரிசெய்ய வேண்டும். நிலத்தில் உங்கள் பங்கான யூடிஎஸ் எவ்வளவு என்பதைப் பத்திரத்தில் சதுர அடியாக எழுதச் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சேர்ந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அந்த நாளில் உங்கள் கையில் இருக்கப் போவது யூடிஎஸ் மட்டுமே. சதுப்பு ஓர மண்ணில் மண் பரிசோதனை அறிக்கையையும் அஸ்திவார வகையையும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் திட்ட அனுமதி இருந்தது. 'பேங்க்கே லோன் கொடுக்குது சார்' என்பதையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி பார்ப்பது தன் பணம் திரும்புமா என்பதை. வீடு மூழ்கினாலும் மாதத் தவணை மூழ்காது.

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஏன் வாங்குகிறார்கள்? விலையே எச்சரிக்க வேண்டாமா? பொருளியல் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. வீட்டின் விலை என்பது அறை, தூரம், காற்று, ஆபத்து என ஒவ்வொரு குணத்துக்கும் வாங்குகிறவர்கள் தரும் மதிப்பின் தொகை என்று ஷெர்வின் ரோசன் 1974-இல் விளக்கினார். ஆபத்து தெரிந்தால் விலை இறங்க வேண்டும். இறங்கத்தான் செய்கிறது, கொஞ்ச காலத்துக்கு. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிட் கவுண்டி என்ற பகுதியை ஒக்மியுங் பின், கிரெய்க் லாண்ட்ரி என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். 1996-இல் ஃபிரான் புயலும் 1999-இல் ஃபிளாய்ட் புயலும் வந்த பிறகு வெள்ளப் பகுதி வீடுகளின் விலை முறையே ஆறு, ஒன்பது சதவீதம் அளவுக்குச் சரிந்திருந்தது. ஃபிளாய்டுக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகளில் அந்தச் சரிவு தடம் தெரியாமல் மறைந்துவிட்டது. நிலம் உயரவில்லை, நினைவு மங்கியது, அவ்வளவுதான். 2015-க்கும் 2023-க்கும் இடையில் தென்சென்னையின் வீட்டு விளம்பரங்களைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை.

மறதியை ஈடுகட்டத்தான் சட்டம் வேண்டும். பிரான்சில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2006 முதல், வெள்ள ஆபத்துள்ள பகுதியில் வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில் 2024 மார்ச்சிலிருந்து விற்பவர் வெள்ள வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. சொத்தில் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது அதன் 55-ஆம் பிரிவு. ஆனால் வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்துகொள்ள முடியாத குறையாக அது இருக்க வேண்டும். மே மாதத்து வெயிலில் போய்ப் பார்க்கிறவரின் 'சாதாரணக் கவனம்' எது என்று வழக்காடி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு புயல் வந்துபோகும்.

தமிழ்நாடு ரெரா ஆணையம் ஒவ்வொரு திட்டத்தின் பதிவுப் பக்கத்திலும் மூன்று தகவல்களைக் கட்டாயமாக்கலாம்: கடல்மட்டத்திலிருந்து கட்டடத்தின் தரைத்தள உயரம், 2015-லும் 2023-லும் அந்த மனையில் நின்ற தண்ணீரின் அளவு, ராம்சார் எல்லையிலிருந்து தூரம். இதற்குப் புதுச் சட்டமன்றத் தீர்மானமோ பெரிய செலவோ தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. ராம்சார் எல்லையை அளந்து, புல எண் வாரியாகத் தமிழில் வெளியிட்டுவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். வாங்கியவர்கள், விற்பவர்கள், சதுப்பின் பறவைகளுக்காகப் போராடுகிறவர்கள் என மூன்று தரப்புக்கும் அது தேவை.

அது நடக்கும்வரை காத்திருக்க முடியாதவர்கள் விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நின்றது என்று விற்பவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தண்ணீரே வரவில்லை என்றால் அதையும் எழுதலாமே. எழுத மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.